எடைக்குண்டு மரம்

தராசு இல்லாத கூட்டுறவுச் சங்கம் இல்லை. நெசவாளர் சங்கத்தில் நூல் நிறுத்துக் கொடுக்கப்படுகின்றது. நெய்து வந்த துணியும் நிறுத்துப் பார்த்தே வாங்கப்படுகின்றது. உழவர் சங்கத்தில் பருத்தியும் மணிலாக் கொட்டையும் தராசுக்கு வந்த பின்னரே பணமாகின்றன. நிறையில் நேர்மை இருப்பின் சங்கம் நிற்கும், இல்லையேல் சாயும். ஆகவே, தராசின் எடைக்குண்டையே பெயராகக் கொண்ட ஒரு மரத்தைப் பற்றி நம் அங்கத்தினர் அறிந்துகொள்வது பொருத்தமேயாகும்.

அம்மரம் நம் நாட்டில் இல்லை. சீன நாட்டில் யாங்சி பேராறு பாயும் நிலப்பகுதிகளிலுள்ள குன்றுகளிலும் ஏரிக்கரைகளிலும் இயற்கையாக வளர்வது அது. அங்கும் இன்று மிகச் சில இடங்களிலேயே எஞ்சி நிற்கின்றது. அம்மரம் எத்தகையது, அது ஏன் அருகியது, அதனைக் காக்க முயன்றோர்க்கு அவர்தம் தோட்டத்திற்குள்ளேயே எழுந்த இடர் யாது, விதை பேணும் தொழிலுடைய நாம் அதனின்று கொள்ளத்தக்கது யாது என்பனவற்றை இங்குச் சுருக்கமாக விளக்குவோம்.

பெயர் வந்த வகை

சீனர் நெடுங்காலமாகக் கையாண்டு வந்த தராசு இருதட்டுத் தராசு அன்று. அது ஒரு நீண்ட மரக்கோல். கோலின் ஒரு முனையில் தட்டோ கொக்கியோ தொங்கும். பண்டம் அதில் ஏறும். கோலைத் தூக்கிப் பிடிப்பதற்கு அம்முனையின் அருகில் ஒரு கயிறு உண்டு. மறுபக்கத்தில், கயிற்றில் கட்டிய குண்டு ஒன்றைக் கோலின்மீது முன்னும் பின்னும் நகர்த்துவர். கோல் சாயாமல் சமமாக நிற்குமிடத்தில் உள்ள புள்ளியே பண்டத்தின் நிறையாகும். நம் நாட்டுச் சந்தைகளில் புளியும் பஞ்சும் நிறுத்த தூக்குக்கோலும் இதற்கு உறவினதே. சீனர் தராசின் குண்டு பெரும்பாலும் இரும்பிலோ கல்லிலோ செய்யப்பெற்று, மேலே வளையமும் கீழே பருத்த உடலும் உடையதாக இருக்கும்.

கோலில் பதித்த புள்ளிகளைச் சீனர் விண்மீன்கள் என்று வழங்கினர். பழைய அளவையில் 16 லியாங் சேர்ந்தது ஒரு ஜின். அப்பதினாறு புள்ளிகளுக்கும் மக்கள் ஒரு விளக்கம் கூறி வந்தனர். ஏழு புள்ளிகள் வடவானத்து எழுமீன்களைக் குறிக்கும். ஆறு புள்ளிகள் தென்வானத்து ஆறு மீன்களைக் குறிக்கும். எஞ்சிய மூன்றும் நற்பேறு, பதவி, நீண்ட ஆயுள் என்பவற்றைக் குறிக்கும். ஒரு லியாங் குறைத்து நிறுப்பவன் நற்பேற்றை இழப்பான். இரண்டு குறைப்பவன் பதவியையும் இழப்பான். மூன்று குறைப்பவன் ஆயுளையும் இழப்பான் என்பது வணிகர்க்குச் சொல்லப்பட்ட எச்சரிக்கை. சீன நிலப்பரப்பில் 1959-ஆம் ஆண்டில் அரசு ஆணையால் 16 லியாங் என்பது 10 லியாங் ஆயிற்று. நம் நாட்டிலும் ஏறத்தாழ அதே காலத்தில்தான், 1956-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 1958 அக்டோபர் முதல் சேரும் வீசையும் படிப்படியாக நீங்கிக் கிலோகிராம் வழக்குக்கு வந்தது.

இத்தராசின் குண்டைப் போன்ற காயைத் தாங்குவதால் அம்மரம் சீன மொழியில் ‘செங்சுய் ஷு’, அதாவது எடைக்குண்டு மரம், எனப்படுகின்றது. தாவர நூலார் அதன் பேரினத்திற்கு இட்ட பெயர் சினோஜாக்கியா என்பதாகும்.

மரத்தின் தோற்றம்

சினோஜாக்கியாப் பேரினத்தைச் சேர்ந்தவை யாவும் குறுமரங்கள் அல்லது புதர்களே. அவற்றுள் முதலில் பெயர் பெற்றது சினோஜாக்கியா சைலோகார்ப்பா என்னும் இனம். அது ஏறத்தாழ 7 மீட்டர் உயரம் வரை வளரும். குளிர்காலத்தில் இலை முழுவதும் உதிர்ந்துவிடும். வேனிலின் தொடக்கத்தில் தளிர்க்கும் இலைகள் முட்டை வடிவின. ஓரத்தில் நுண்ணிய பற்கள் உடையன.

ஏப்பிரல், மே மாதங்களில் மரம் பூக்கின்றது. மெல்லிய நீண்ட காம்புகளில் மூன்று முதல் ஐந்து வரையிலான வெள்ளைப் பூக்கள் கொத்தாகக் கீழ்நோக்கித் தொங்கும். நடுவே மஞ்சள் மகரந்தத் தாள்கள் தெரியும். தேனீ முதலிய பூச்சிகள் மகரந்தத்தைக் கொண்டு செல்கின்றன.

பூவைவிடக் காயே இம்மரத்தின் தனிச்சிறப்பு. ஏறத்தாழ 2 முதல் 2½ சென்டிமீட்டர் நீளமுள்ள காய், நடுவில் பருத்து, நுனியில் கூம்பி, கூரிய அலகு போல முடிகின்றது. நம் சிறுவர் ஆடும் பம்பரத்தை ஆணி கீழ்நோக்க நூலில் கட்டித் தொங்கவிட்டால் எவ்வாறு இருக்குமோ, அவ்வாறே இருக்கும் என்று சொல்லலாம். கொத்தனார் சுவர் பார்க்கும் தூக்குக்குண்டையும் அது நினைவூட்டும். முற்றிய காய் செம்பழுப்பு நிறம் பெற்று, மேலே வெளிறிய புள்ளிகளுடன் காணப்படும். இலையுதிர்ந்த பின்னரும் சில காய்கள் கிளைகளில் தொங்கிக்கொண்டிருக்கும். காயின் உள்ளே கட்டைபோல் கடினமான ஓடு உண்டு. விதை அதற்குள் அடைபட்டுக் கிடக்கின்றது. சைலோகார்ப்பா என்னும் சொல்லுக்கே ‘கட்டைக் காய் உடையது’ என்பது பொருள். இக்கடின ஓடு மரத்தின் வாழ்வில் பெரும்பங்கு கொள்வது. அதனைப் பின்னர்க் காண்போம்.

நமக்குத் தெரிந்த உறவினர்

இம்மரம் நமக்குப் புதிதாயினும் இதன் குடும்பம் நம் வீடுகளில் நாள்தோறும் மணப்பதே. நாம் புகைக்கும் சாம்பிராணி, ஸ்டைராக்ஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த மரங்களின் பட்டையைக் கீறி எடுக்கும் பிசின். சுமத்திரா தீவின் வட பகுதியிலுள்ள மலைநாட்டு உழவர் இன்றும் அம்மரங்களை வளர்த்துப் பிசின் எடுக்கின்றனர். அத்தீவின் மேற்குக் கரையில் பாரூஸ் துறைமுகத்தின் அருகே, கி.பி. 1088-ஆம் ஆண்டைச் சேர்ந்த தமிழ்க் கல்வெட்டொன்று கிடைத்துள்ளது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்தது அது. கற்பூரமும் சாம்பிராணியும் ஏற்றுமதியான துறைமுகம் பாரூஸ். எனவே இம்மரக் குடும்பத்தோடு தமிழ் வணிகர்க்கு இருந்த தொடர்பு நெடியது எனலாம்.

சாம்பிராணி மரமும் எடைக்குண்டு மரமும் ஒரே குடும்பத்தின் இரு கிளைகள். முன்னதிற்குச் சந்தையில் விலையுண்டு. ஆகவே அதனை நட்டு வளர்க்கும் உழவர் உண்டு. பின்னதிற்கு அழகு ஒன்றே செல்வம். விலைபோகாத மரத்தைக் காப்பவர் யார் என்னும் வினா இங்கேதான் எழுகின்றது.

பெயரிட்டவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சீனக் காடுகளில் செடிகொடிகளைத் திரட்டியவருள் பெரும்பாலோர் மேலைநாட்டு மதபோதகரும் அலுவலரும் ஆவர். உலர்த்திய மாதிரிகள் லண்டனுக்கும் பாரிசுக்கும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்கும் சென்றன. பெயர்களும் அங்கேயே இடப்பட்டன. சீனத்தின் செடிகளைச் சீனர் அறிய வேண்டுமாயின் அயல்நாட்டு நூலகங்களுக்குச் செல்ல வேண்டியதாயிற்று.

இந்நிலையை மாற்ற முனைந்தவருள் முதன்மையானவர் ஹூ சியான்சு. அவர் 1894-இல் பிறந்தார். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று 1925-இல் முனைவர் பட்டம் பெற்றார். அங்கு அர்னால்டு மரத்தோட்டத்தில் அவருக்கு ஆசிரியராக விளங்கியவர் ஜான் ஜார்ஜ் ஜாக் என்னும் மரவியல் அறிஞர். ஹூ தாயகம் திரும்பிய பின், நாஞ்சிங் நகரை அடுத்த குன்றுகளில் கிடைத்த மாதிரியை ஆராய்ந்து, அஃது எந்தப் பேரினத்திலும் அடங்காமை கண்டு, 1928-இல் புதிய பேரினமாக வெளியிட்டார். சீனத்தைக் குறிக்கும் ‘சினோ’ என்னும் சொல்லையும் ஆசிரியர் ஜாக்கின் பெயரையும் இணைத்துச் சினோஜாக்கியா என்று பெயர் சூட்டினார். சீனத் தாவர நூலார் ஒருவர் தாமே ஆராய்ந்து வெளியிட்ட முதற் பேரினம் என்று அந்நாட்டவர் இதனைப் போற்றுகின்றனர்.

ஹூ இத்துடன் நிற்கவில்லை. 1934-இல் லூஷான் மலையில் தாவரத் தோட்டம் நிறுவிய மூவருள் அவரும் ஒருவர். 1948-இல், புதைபடிவமாக மட்டுமே அறியப்பட்டிருந்த ஒரு பேரினத்தின் உயிருள்ள மரத்திற்கு, செங் வான்ஜுன் என்பவருடன் சேர்ந்து மெட்டாசெக்குவோயா கிளிப்டோஸ்டிரோபாய்டிஸ் என்று பெயரிட்டார். அதன் விதைகள் அவ்வாண்டிலேயே உலகின் பல தோட்டங்களுக்கும் அனுப்பப்பட்டன. இன்று அம்மரம் பல நாடுகளில் சாலை மரமாகவே நிற்கின்றது. எடைக்குண்டு மரத்திற்கு அத்தகைய பேறு வாய்க்கவில்லை. ஹூ 1968-இல் மறைந்தார்.

எங்கெங்கு எஞ்சியுள்ளது

இப்பேரினத்தில் எத்தனை இனங்கள் என்பதில் நூலாரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஐந்து என்பாரும் எட்டு என்பாரும் உளர். அனைத்தும் சீனத்திற்கே உரியவை. சிலவற்றை மட்டும் குறிப்போம்.

சினோஜாக்கியா ரெஹ்டரியானா என்பது ஜியாங்சி மாகாணம் முதலிய பகுதிகளில் வளர்வது. அர்னால்டு மரத்தோட்டத்து அறிஞர் ஆல்பிரடு ரெஹ்டர் பெயரால் இதற்கும் ஹூ அவர்களே பெயரிட்டார். பழச்சதை மிக்க காயுடைய ஓர் இனம் சிச்சுவான் மாகாணத்து லெஷான் பகுதியிலிருந்தும், மிகச் சிறிய காயுடைய மற்றோர் இனம் ஜெஜியாங் மாகாணத்திலிருந்தும் 1990-க்குப் பின்னரே அறியப்பட்டன. 2007-இல் ஹூபெய் மாகாணத்து ஹுவாங்மெய் வட்டாரத்தில், ஏரிக்கரைச் சிறுகாடு ஒன்றில் நின்ற மரங்கள் தனி இனமாக அறிவிக்கப்பட்டன. அவ்வினத்திற்கு அஃது ஒன்றே இடம்.

ஹூனான் மாகாணத்தில் 1981-இல் அறியப்பட்ட இனமொன்றின் காய், இராட்டைக் கதிரைப்போல் நீண்டு கூரியது. வேறுபாடு மிகுதியாக இருத்தலின், 1995-இல் அதனைச் சாங்கியோஸ்டைராக்ஸ் என்னும் தனிப் பேரினமாகப் பிரித்தனர். அதுவும் அருகிய மரமே.

முதல் இனமாகிய சைலோகார்ப்பாவின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அது முதலில் அறியப்பட்ட நாஞ்சிங் குன்றுகளில் அதன் காட்டு மரங்கள் அற்றுப்போயின என்று ஆய்வாளர் எழுதுகின்றனர். 1998-இல் உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் அது இடர்க்குள்ளான இனமாகச் சேர்க்கப்பட்டது. பிற்காலத்துச் சீன ஆய்வாளருள் சிலர், அஃது இயற்கையில் முற்றும் அழிந்து தோட்டங்களில் மட்டும் வாழ்கின்றது என்றே கருதினர்.

அருகியமைக்குக் காரணம்

காரணங்கள் இரு வகையின. ஒன்று நிலத்தைப் பற்றியது. மற்றொன்று விதையைப் பற்றியது.

யாங்சி ஆற்றின் நடுப்பகுதியும் கீழ்ப்பகுதியும் உலகிலேயே மக்கள் நெருக்கம் மிகுந்த நிலங்களுள் சேர்ந்தவை. எடைக்குண்டு மரம் எட்டாத சிகரங்களில் வாழ்வதன்று. ஊரை ஒட்டிய குன்றுச் சரிவுகளும் காட்டோரங்களுமே அதன் இருப்பிடம். நிலம் திருத்தவும் விறகு வெட்டவும் கல்லுடைக்கவும் சாலை போடவும் மனிதன் முதலில் நாடுவதும் அவ்விடங்களையே. 1958-இல் எஃகு உற்பத்தியைப் பெருக்க ஊர்தோறும் உலைகள் எழுந்தபோது, அவற்றின் எரிபொருளுக்காகச் சீனத்தின் பல பகுதிகளிலும் மரங்கள் பெருவாரியாக வெட்டப்பட்டன. இவ்வாறு தொடர்ந்திருந்த காடு துண்டு துண்டாயிற்று. ஒரு துண்டில் சில மரங்கள், பல மைல் கடந்து மற்றொரு துண்டில் சில மரங்கள் என்ற நிலை உண்டாயிற்று.

பிரிந்து நிற்கும் மரங்கள் மீண்டும் பரவக் கூடாதோ எனின், அங்கேதான் விதையின் இயல்பு குறுக்கிடுகின்றது. எடைக்குண்டு மரத்தின் காய்க்குக் காற்றில் பறக்க இறகு இல்லை. கனமான காய் பெரும்பாலும் தாய்மரத்தின் அடியிலேயே விழுகின்றது. விழுந்த காயும் அடுத்த ஆண்டே முளைத்துவிடுவதில்லை. கடின ஓடு நீர் புகுவதையும் முளை வெளிவருவதையும் தடுக்கின்றது. ஓட்டைக் கடந்தாலும் விதையின் உள்ளுறக்கம் நீங்கக் குளிர் வேண்டும். எனவே இரண்டாம் ஆண்டிலோ அதற்குப் பின்னரோதான் முளை காணும். இடைக்காலத்தில் எலி தின்னலாம், பூஞ்சணம் பற்றலாம், மேலே சருகு சேர்ந்து மூடலாம், விறகு பொறுக்குவோர் காலடியிலும் நசுங்கலாம்.

பழங்காலத்தில் இவ்வியல்பு குறையாக இருந்திருக்காது. எல்லா விதையும் ஒரே ஆண்டில் முளைத்து, அவ்வாண்டின் வறட்சியில் ஒருங்கே மடிவதைவிட, ஆண்டுக்குச் சிலவாக முளைப்பது நன்றே. காடு பரந்திருந்தவரை நூறாண்டுகளில் மெல்லப் பரவ அதற்கு நேரம் இருந்தது. காடு சுருங்கிய வேகத்திற்கு ஈடுகொடுக்க மட்டும் அதனால் இயலவில்லை.

மற்றொரு தீங்கும் உண்டு. காய் தாயின் அடியிலேயே விழுவதால் அருகருகே நிற்கும் மரங்கள் பெரும்பாலும் நெருங்கிய உறவின. கூட்டம் சிறுத்துப் பிற கூட்டங்களினின்று மகரந்தம் வரும் வழியும் அடைபட்டால், உறவுக்குள்ளேயே மீண்டும் மீண்டும் கலப்பு நேர்கின்றது. ஒரே கிடாயை வைத்துப் பல தலைமுறை ஆடு பெருக்கினால் மந்தைக்கு நேர்வது யாது என்பதை நம் உழவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

தோட்டத்தில் எழுந்த இடர்

இயற்கையில் அழியும் செடியைத் தோட்டத்தில் வைத்துக் காப்பது அறிவியலார் கண்ட வழி. நாஞ்சிங், வூஹான் முதலிய நகரங்களின் தாவரத் தோட்டங்கள் எடைக்குண்டு மரங்களைச் சேர்த்து வளர்த்தன. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள தோட்டங்கள் சிலவற்றிலும் அவை வளர்கின்றன. மரம் தோட்டத்தில் நன்கே பூக்கின்றது, காய்க்கின்றது. ஆகவே இனம் பிழைத்தது என்று எண்ணத் தோன்றும்.

வூஹான் தாவரத் தோட்டத்து ஆய்வாளர் இவ்வெண்ணத்தைச் சோதித்துப் பார்த்தனர். அவர்கள் தோட்டத்தில் சைலோகார்ப்பாவும் ரெஹ்டரியானாவும் அருகருகே நடப்பட்டிருந்தன. காட்டில் இவ்விரண்டும் வெவ்வேறு இடங்களில் வாழ்பவை. ஒன்றின் மகரந்தம் மற்றொன்றைச் சேர வழியில்லை. தோட்டத்திலோ வேலி இல்லை. பூக்கும் காலமும் ஏறத்தாழ ஒன்றே. தேனீக்கு இனவேறுபாடு தெரியாது. விதைகளின் மரபுக் கூறுகளை ஆராய்ந்தபோது இரண்டும் கலந்திருத்தல் புலனாயிற்று. 2006-இல் அவர்கள் இவ்விடரை எச்சரித்து எழுதினர்.

இதன் விளைவைச் சற்று எண்ணிப் பார்ப்போம். தூய இனம் என்று நம்பி அத்தோட்டத்து விதையை எடுத்து முளைக்க வைத்து, அழிந்த காட்டில் மீண்டும் நட்டால், நடப்படுவது பழைய மரம் அன்று; கலப்பு மரம். நாற்றுப் பருவத்தில் கண்ணால் நோக்கி வேறுபாடு காண்பது அரிது. கலப்பு மரம் வாட்டமின்றி வளரவும் கூடும். அதனாலேயே இடர் மிகுதி. நோயுற்ற கன்றைப் பிடுங்கி எறியலாம், நலமாக வளரும் கலப்புக் கன்றை ஒருவரும் ஐயுறமாட்டார். அருகில் எஞ்சியிருக்கும் தூய மரத்தோடும் அது கலந்து, சில தலைமுறைகளில் மூல இனமே கரைந்துபோகும். கோடரியால் அழியாதது இவ்வாறு காப்பாற்றும் கையாலேயே அழிய நேரும்.

பதியன், போத்து முதலிய முறைகளால் பெருக்கலாமே எனில், அதற்கும் ஓர் எல்லை உண்டு. இளந்தண்டை நறுக்கி நட்டால் இம்மரம் வேர்விடும், கலப்புக்கும் இடமில்லை. ஆயினும் ஒரு தாயினின்று ஆயிரம் கன்று எடுத்தாலும் அவை ஆயிரமும் அந்த ஒரு தாயே. புதிய நோய் ஒன்று தாயைக் கொல்லுமாயின் ஆயிரத்தையும் கொல்லும். எனவே எண்ணிக்கை மட்டும் காப்பு ஆகாது. பல தாய்களின் வழிவந்த பல்வகைமையும் வேண்டும்.

காக்கும் வழிகள்

இவ்வாராய்ச்சியினின்று சில நெறிகள் தெளிவாகின்றன. முதலாவது, ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியே, பிற இனங்களின் மகரந்தம் எட்டாத தொலைவில் வளர்த்தல் வேண்டும். தொலைவுக்கு இடமில்லையெனில், விதைக்கென்று விடும் பூக்களை மொட்டிலேயே பையிட்டு மூடி, கையால் மகரந்தம் சேர்த்தல் வேண்டும். இரண்டாவது, ஒவ்வொரு மரத்திற்கும் அதன் தாய் எது, எந்தக் காட்டினின்று எந்த ஆண்டில் வந்தது என்னும் பதிவு இருத்தல் வேண்டும். பதிவற்ற மரம் பார்வைக்கு உதவும், விதைக்கு உதவாது. மூன்றாவது, ஓர் இடத்திலேயே எல்லாவற்றையும் வைக்காமல் பல இடங்களில் பகிர்ந்து வளர்த்தல் வேண்டும். நான்காவதும் தலையாயதும், எஞ்சியிருக்கும் காட்டுத் துண்டுகளை அவை நிற்குமிடத்திலேயே காத்தல். ஓர் இனத்திற்கே ஒரு காடுதான் உண்டு எனில், அதனருகே வாழும் ஊராரின் ஒத்துழைப்பின்றி எந்தச் சட்டமும் அதனைக் காவாது.

சட்டமும் உண்டு. சீன அரசு 1999-இல் வெளியிட்ட பாதுகாக்கப்பட்ட காட்டுச் செடிகளின் பட்டியலில் சைலோகார்ப்பா இரண்டாம் வகுப்பில் இடம்பெற்றது. 2021-இல் திருத்திய பட்டியலில் சினோஜாக்கியாப் பேரினத்தின் இனங்கள் அனைத்தும் அவ்வகுப்பில் சேர்க்கப்பட்டன. ஓர் இனத்தை மட்டும் காத்து அதன் உறவுகளை விட்டுவிடும் குறை இதனால் நீங்கிற்று.

நாம் கொள்ளத்தக்கது

எடைக்குண்டு மரம் குளிர்காலத்தில் இலையுதிர்த்து உறங்கும் இயல்பினது. விதை முளைக்கவும் குளிர் வேண்டுவது. நம் சமவெளிக்கு அஃது ஏற்றதன்று. அதனை நாம் வரவழைத்து நட வேண்டும் என்பது நம் கருத்தும் அன்று. அம்மரத்தின் வரலாறு நமக்கு உணர்த்தும் செய்தியே கொள்ளத்தக்கது.

விதை கெடுவதற்கு இரு வாயில்கள் உள என்பதே அச்செய்தி. ஒன்று, விதையே இல்லாமற் போதல்; இதனை எல்லோரும் காண்பர், வருந்துவர். மற்றொன்று, விதை இருந்தும் அது தானாக இல்லாமற் போதல்; இதனை ஒருவரும் காணார். கம்பு பயிரிடுவோர் இதனை நன்கு அறிவர். ஒரு வகைக் கம்பின் அருகே வேறு வகைக் கம்பு ஒரே காலத்தில் பூத்தால், அவ்வயலின் கதிரை அடுத்த ஆண்டு விதைக்குக் கொள்ளலாகாது. பூசணிக் கொடிக்கும் அஃதே. கதிரும் காயும் பார்வைக்குக் குறைவின்றி இருக்கும். கலப்பு மறு ஆண்டில்தான் வெளிப்படும். நெசவாளர்க்கும் இஃது அயலானதன்று. ஒரு நம்பர் நூலோடு வேறு நம்பர் நூல் கலந்துவிட்டால், சிட்டத்தில் தெரியாத வேறுபாடு துணியில் தெரியும். அப்போது பிரிக்க வழி இராது.

ஆகவே, நாட்டு விதைகளைப் பேணும் அங்கத்தினர் கீழ்க்கண்டவற்றைக் கருத்தில் இருத்துவது நலம். விதைக்கு விடும் வயலைப் பிற வகைகளினின்று விலக்கி அமைத்தல் வேண்டும். இயலாவிடின் பூக்கும் காலம் வேறுபடுமாறு முன்பின் விதைத்தல் வேண்டும். ஒரு செடியின் விதையை மட்டும் எடுக்காமல், வயலின் பல பகுதிகளிலுள்ள நல்ல செடிகள் பலவற்றினின்றும் எடுத்தல் வேண்டும். பையின் மேல் வகை, வயல், ஆண்டு ஆகிய மூன்றையும் எழுதாமல் விதையைச் சேமித்தல் ஆகாது. ஒருவர் வீட்டுக் குதிரில் மட்டும் வைக்காமல், அங்கத்தினர் இருவர் மூவரிடம் பகிர்ந்து வைத்தல் வேண்டும். ஒரு வீட்டில் பூச்சி விழுந்தாலும் வெள்ளம் புகுந்தாலும் மற்றொரு வீட்டில் விதை இருக்கும்.

இவையெல்லாம் தனியொருவரால் ஆகக்கூடியன அல்ல. அண்டை வயற்காரன் எதை எப்போது விதைக்கின்றான் என்பதைப் பொறுத்தே நம் விதையின் தூய்மை அமைகின்றது. இருவரும் கலந்து பேசி முடிவு செய்தாலன்றி விலகு தூரம் என்பது ஏட்டளவில்தான் நிற்கும். கூட்டுறவின் தேவை இங்கே தானே விளங்கும். கடனுக்கும் விற்பனைக்கும் சங்கம் கூடுவதுபோல், விதைப்புக்கு முன்னர் ஒரு நாள் கூடி, எவ்வயல் விதைக்கு, எவ்வயல் தானியத்திற்கு என்று முடிவு செய்து பதிவேட்டில் எழுதிக்கொள்ளுதல் பெரும் செலவுடைய செயலன்று.

ஒரு நாட்டின் அறிஞர் முதன்முதலாகத் தாமே பெயர் சூட்டிய மரப் பேரினம், நூறாண்டு நிறைவதற்குள் சில சிறுகாடுகளிலும் சில தோட்டங்களிலும் ஒடுங்கிவிட்டது. அத்தோட்டங்களிலும் அது தானாகவே நிற்க வேண்டுமாயின், ஒவ்வொரு விதைக்கும் கணக்கு வைக்கும் கைகள் தேவைப்படுகின்றன. நம் ஊர்களில் பாட்டன் காலத்துக் கம்பும் சோளமும் பருத்தியும் இன்னும் சில வீடுகளில் விதையாக இருக்கின்றன. அவை எவரிடம் உள்ளன, எவ்வளவு உள்ளன, எங்கிருந்து வந்தன என்னும் கணக்கினை இவ்வாண்டு விதைப்புக்கு முன்னரே ஒவ்வொரு சங்கமும் எடுத்து வைக்குமாக.